இருபத்தாறு பானைகளின் கனம்

கானா நாட்டின் வடக்கு ஓரத்தில், இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் அடுத்த நாடு வந்துவிடும் என்கிற இடத்தில், குல்பேலா என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை சூளையைப் பிரித்தபோது உள்ளே இருந்த இருபத்தாறு பானைகளும் ஆள் கனம் கனத்தன. முதல் பானையைத் தூக்கப்போனவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்தாள், அவளைப் பார்த்துச் சிரித்தவள் அடுத்த பானையில் கைவைத்து அவளும் உட்கார்ந்தாள், பிறகு ஆண்களைக் கூப்பிட்டார்கள், நான்கு ஆண்கள் கயிறு போட்டு ஒரு பானையை வெளியே இழுத்து வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். முழங்கால் உயரப் பானை அது. உள்ளே கையைவிட்டுப் பார்த்தால் கொஞ்சம் சாம்பலைத் தவிர வேறொன்றும் இல்லை.

மானாமதுரை மங்கையர்க்கரசி அந்தச் சூளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் அங்கே வந்திருந்தது ரெசிடென்சிக்காக. அவளுடைய அண்ணனுக்கு ரெசிடென்சி என்றால் தெரிந்தது ஒன்றுதான், மதுரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏ.சி. ரூம் கொடுக்கும் லாட்ஜ். "மூணு மாசம் லாட்ஜ்லயா தங்கப் போற? அதுவும் ஆப்பிரிக்காவுல?" என்று கேட்டான். சுடுமண் கலைஞர்கள் வேற்றூரில் போய்த் தங்கி அந்த ஊர் மண்ணை எடுத்து வேலை செய்துவிட்டு வருவதற்குத்தான் அந்தப் பெயர் என்று அவள் விளக்கியதும், "இங்க இல்லாத மண்ணா?" என்றான். தலைமுறை தலைமுறையாக மண்ணோடு மல்லுக்கட்டும் குடும்பத்தில் பிறந்தவன் அப்படித்தான் கேட்பான்.

ரெசிடென்சியை நடத்திய எபனேசர் லாம்ப்டே தலைநகரத்து மனிதர், நல்லவர்தான், ஆனால் ஐரோப்பாவில் இருக்கும் ஓர் அறக்கட்டளை ஈமெயிலில் என்ன சொல்கிறதோ அது அவருக்கு வேதவாக்கு. அந்த வருடத்துக்கு அவர்கள் அனுப்பியிருந்த தலைப்பு 'இல்லாமை'. அதை அவர் ஊர்ப் பெண்களிடம் வாசித்துக் காட்டியபோது, "யார் இல்லை என்று கேட்கிறார்களா?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லாமைக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. வீட்டுக்கு ஒருவன் வடக்கே போயிருந்தான், பாலைவனத்தைத் தாண்டிக் கடற்கரைக்கு, கடற்கரையிலிருந்து படகில் அக்கரைக்கு, போனவர்களில் பாதிப்பேர் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இருபத்தாறு தாய்மார்கள் இருபத்தாறு பிள்ளைகளை நினைத்து ஆளுக்கொரு பானை வனைந்தார்கள். மங்கை அவர்களோடு உட்கார்ந்து மண் பிசைந்தாள், தேய்த்தாள், தீட்டினாள். ஒரு திங்கட்கிழமை பானைகளை அடுக்கி, கம்பந்தட்டையும் மாட்டுச் சாணமும் போட்டு மூடி நெருப்பு வைத்தார்கள்.

சாப்பிடக் கிளம்பும்போது மங்கை சூளையைப் பார்த்து, "போய்ட்டு வரேன்" என்றாள். அவளுடைய அப்பாவின் பழக்கம் அது. எரிகிற சூளையிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பார் அவர். சூளையோடு இவள் என்ன பேசுகிறாள் என்று பெண்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் மங்கைக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுத்தவள் லாமிசி, பள்ளிக்கூடம் போனவள், ஆங்கிலம் தெரியும். "எங்க ஊர்ல யாரும் போறேன்னு சொல்ல மாட்டோம் லாமிசி, அது அபசகுனம். போய்ட்டு வரேன்னுதான் சொல்லுவோம்" என்றாள் மங்கை. லாமிசி அதைப் பெண்களுக்குச் சொன்னதும் அவர்கள் முதலில் கைதட்டிச் சிரித்தார்கள், ஏனென்றால் அந்த நாட்டில் கடைக்குப் போகிறவனும் கிணற்றுக்குப் போகிறவனும் "ஐ கோ கம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவான், போய் வருகிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அப்புறம் சிரிப்பு தானாக நின்றது. அவர்களுடைய பிள்ளைகளும் வண்டிப்பாதையில் நின்று அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

லாமிசியின் மாமியார் அயின்போக்கா எழுந்து புகைக்குப் பக்கத்தில் போனாள். அவளுடைய ஒரே மகன் அபாங்கா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் எந்தக் குரலில் சொன்னானோ அதே குரலில், கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் பொய்யாக, "ஐ கோ கம், மா" என்று புகைக்குள் சொன்னாள். பிறகு அடுத்தவள் தன் மகனின் குரலில் சொன்னாள், பிறகு அடுத்தவள், இருபத்தாறு பேரும் சொல்லி முடித்தார்கள். இதுதான் காரணமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஊரில் யாரும் கேட்கவும் இல்லை. காரணம் தேடி அலைந்தவர் எபனேசர் ஒருவர்தான், அவர் மண்ணைப் பொட்டலம் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார், மண் மண்ணாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

நான்கு ஆண்கள் சேர்ந்து இழுத்த பானையை அதைச் செய்தவள் ஒருத்தியாகவே தூக்கிவிட்டாள் என்பது அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. ஒருத்தி குனிந்து, பானையை முதுகில் சாய்த்து, பிள்ளையைக் கட்டுவதுபோல் துணியால் மார்போடு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். அவளுக்கு அது இரண்டு வயதுப் பிள்ளையின் கனம்தான் கனத்தது. "இது என் மகன்தான்" என்று அவள் சொன்னாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. "சாப்பிடுறானா?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

அன்றிலிருந்து அது ஊர் வழக்கமாயிற்று. காலையில் முற்றம் பெருக்கி முடித்ததும் பெண்கள் அவரவர் பானையை முதுகில் கட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள், வந்து, நேற்றைக்கு இன்றைக்கு எப்படி இருக்கிறான் என்று வாசலில் நின்று அறிவித்தார்கள். செய்தவளைத் தவிர வேறு யாரும் பானையைத் தொடக் கூடாது என்று மண்ணுக்குப் பூசை செய்யும் பூசாரி விதி போட்டார், தாய் சொல்வதுதான் கணக்கு என்றார். பானை இளைத்துப்போன தாய்மார்கள் போனைப் போட்டு, சாப்பிடாமல் யாருக்கு மிச்சம் பிடிக்கிறாய் என்று பிள்ளைகளைத் திட்டினார்கள். ஒருத்தியின் மகன் இத்தாலியிலிருந்து தினமும் பசி பசி என்று அழுதான், பானையோ வாரத்துக்கு வாரம் ஊதிக்கொண்டே போயிற்று, "அவன் பசியைத் தூக்கித் தூக்கி என் முதுகு போச்சு" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஒருத்தியின் மகள் அக்கரையில் வீட்டு வேலை செய்தாள், அவளுடைய பானை ஒரு மாதத்தில் இன்னொரு சின்னக் கனத்தையும் சேர்த்துக் கனக்க ஆரம்பித்ததும் தாய்க்காரி யார் என்ன என்று கேட்காமல் ஊருக்கு வேர்க்கடலை வறுத்துக் கொடுத்தாள். மாதா கோயில் பாதிரியாரும் பள்ளிவாசல் இமாமும் முதலில் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு பாதிரியார் பூசைக்கு முன்னால் யார் யார் இளைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்க ஆரம்பித்தார், இமாமும் கேட்டார். எபனேசருக்குத்தான் உறக்கம் போயிற்று. கண்காட்சிக்குப் பானைகளை விமானத்தில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருந்தார், இருபத்தாறு ஆள் கனத்தை எந்தப் பெட்டியில் அடைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. பெண்கள் அதைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் பானைகள் லேசாயின.

முதல் வீட்டு முற்றத்தில் குனிந்து துணியை முடிச்சுப் போட்டு நிமிர்ந்தவள் வேகமாக நிமிர்ந்துவிட்டாள், கனம் இருக்கும் என்று நினைத்து எடுத்த விசையில் முன்னால் தடுமாறி விழப்போனாள், பானை வெறும் பானையாக முதுகில் ஆடியது. அடுத்த தெருவிலும் அப்படியே, கிணற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் அப்படியே. மூன்று பிள்ளைகளும் ஒன்றாகப் போனவர்கள், படகு கிடைத்துவிட்டது என்று போன வாரம் ஒரே போனிலிருந்து பேசியவர்கள். குல்பேலாவில் ஓர் ஆள் செத்தால் அவனுடைய பானையை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து உடைக்க வேண்டும். உடைத்தால்தான் அவன் முன்னோரிடம் போய்ச் சேர்வான், உடைக்காவிட்டால் வழியிலேயே தாகத்தோடு நிற்பான், அவன் நிற்கும்வரை அந்த வீடு வயலில் விதை போடக் கூடாது. மூன்று தாய்மார்களும் அன்று மாலைக்குள் பானைகளை உடைத்தார்கள். படகு கவிழ்ந்த செய்தி ரேடியோவில் வந்தபோது ஊரில் பத்தாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

மங்கை மூன்று வீட்டுக்கும் போய் உட்கார்ந்துவிட்டு, எதுவும் சொல்லாமல் எழுந்து வந்தாள். ஆட்டுக்குட்டியிடம்கூடப் போய்ட்டு வரேன் சொல்கிற பெண் இங்கே மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அயின்போக்கா மருமகளை விட்டுக் கேட்டாள்.

"சாவு வீட்ல சொல்லக் கூடாது அக்கா" என்றாள் மங்கை. "திரும்ப வரேன்னு சொன்னா இன்னொரு சாவுக்கு வரேன்னு ஆகிடும். சும்மா எந்திரிச்சுப் போயிரணும். திரும்பியும் பார்க்கக் கூடாது."

லாமிசி சொல்வதை அயின்போக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நல்ல பழக்கம்" என்றாள், அவ்வளவுதான்.

அந்த மூன்று பேரோடு நான்காவதாகப் போனவன் அபாங்கா. ஊரே அதை நினைத்தது, யாரும் வாயால் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமையன்று எல்லோரும் ஏதோ வேலையாக வந்தவர்கள்போல அயின்போக்காவின் வீட்டைச் சுற்றி நின்றார்கள். அன்று அவள் வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது பானையின் வாய் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது, முதுகு வளைந்திருந்தது, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து வீட்டைச் சுற்றி வந்தாள். "நல்லா இருக்கான். சதை போட்டிருக்கான்" என்று அறிவித்தாள். சிலர் சந்தோஷப்பட்டார்கள், கடலில் நீந்தித் தப்பித்திருப்பான் என்றார்கள். கனம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயிற்று என்பதை அவளுடைய நடையே காட்டியது. மற்ற தாய்மார்கள் பானையோடு நிமிர்ந்து நடந்தார்கள், அவள் மட்டும் விறகு சுமப்பவளாக நடந்தாள். துணியின் முடிச்சு அவள் தோளை அறுத்துப் புண்ணாக்கியது. சோறு இறங்கவில்லை, அவள் இளைத்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கற்குவியலும் அவளோடு சேர்ந்து குறைந்துகொண்டே வந்ததை மருமகள் பார்த்தாளா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, பார்த்தும் பார்க்காமல் இருப்பது மருமகள்களுக்குக் கைவந்த விஷயம்.

மே மாதம் பிறந்தது, தெற்கே மின்னல் வெட்ட ஆரம்பித்தது, ஊரில் மண்வெட்டிகளைத் தீட்டினார்கள். மங்கை ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தது. ஒரு மத்தியானம் அயின்போக்காவின் வீட்டு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், பேச்சு வாக்கில், பக்கத்தில் இருந்த பானையை விரல் முட்டியால் தட்டிவிட்டாள். தொடக் கூடாது என்ற விதி அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடம் செய்யும் ஊரில் பிறந்தவள், கடைத்தெருவில் பானையைக் கண்டால்கூடத் தட்டிப் பார்க்காமல் அந்தக் கை நகராது. நினைப்பதற்கு முன்னால் கை தட்டிவிட்டது.

மங்கை தட்டிக் கேட்காத பானை உலகத்தில் குறைவு. இந்தப் பானைக்குள் யாரும் இல்லை. கருங்கல் இருந்தது, இடைவெளிகளில் கம்பு தானியம் போட்டு ஆடாமல் அடைத்திருந்தது, அடியில் ஒரு விரிசல் விழ ஆரம்பித்திருந்தது. அத்தனையும் ஒரே தட்டலில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தினால் அயின்போக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்தில் இருவருக்கும் நடுவே கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் கைஜாடை என்று ஒரு பாஷை உண்டாகியிருந்தது. லாமிசி இல்லாமலே பேசிக்கொண்டார்கள்.

"அந்தக் கம்பு உங்க பங்கா?" என்று மங்கை கேட்டாள்.

"அவன் பங்கு. எனக்கு எதுக்குச் சோறு?"

"அக்கா..."

"உடைச்சா செத்துடுவான்" என்றாள் அயின்போக்கா. "நான் உடைக்கிற வரைக்கும் அவன் சாகல. நான்தான் தாய், நான் சொல்றதுதான் கணக்குன்னு பூசாரியே சொல்லியிருக்கார்."

"வழியில நிக்கிறான் அக்கா. தாகத்துல நிக்கிறான்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

கல் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தன் கையால் அயின்போக்கா மங்கையின் கையைப் பிடித்தாள். "யார்கிட்டயும் சொல்லாதே. லாமிசிகிட்ட சொல்லாதே. பூசாரிகிட்ட சொல்லாதே. ஒண்ணும் சொல்லாதே."

மங்கைக்கு அழுகை வந்தது. "ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொன்னாள்.

அன்று சாயங்காலம் லாமிசி அவளைத் தேடி வந்து சூளையடியில் உட்கார்ந்தாள். மழை பெய்தால் ஊரே விதைக்கும், தன் வீடும் விதைக்கும், மாமியார் தன் மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லும்போது யாரும் தடுக்க மாட்டார்கள் என்றாள். "அவர் உயிரோட இல்லைன்னா? செத்தவன் வழியில நிக்கும்போது விதை போட்ட வயல்ல விளைஞ்சதை என் பொண்ணுக்கு எப்படி ஊட்டுவேன்? போடலைன்னா எதை ஊட்டுவேன்? நீங்க நேத்தும் எங்க வீட்ல சாப்பிட்டீங்க, இன்னைக்கும் சாப்பிட்டீங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா, சிஸ்டர்?" என்று கேட்டாள். மங்கை சூளைச் சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். எனக்கென்னவோ அந்த இடத்தில் அவள்மேல் கோபம்தான் வருகிறது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் சாம்பலைத்தான் கிளறியிருப்பேன். லாமிசி எழுந்து போனாள்.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அந்த வருடத்தின் முதல் மழை பெய்தது. விடிந்ததும் மண்ணெல்லாம் ஈர வாசனை. எபனேசரின் பிக்கப் வண்டி புளியமரத்தடியில் நின்றது, பானை ஒன்றுகூட இல்லாமல் வெறும் போட்டோக்களோடு திரும்புவதில் அவர் கொஞ்சம் சுணங்கியிருந்தார். மங்கை வீடு வீடாக விடைபெற்றுக்கொண்டு போனாள். பானை இருக்கும் வீடுகளில் தாயின் முதுகைத் தொட்டு, "போய்ட்டு வரேன்" என்று தமிழில் சொன்னாள், அவர்கள் "ஐ கோ கம்" என்று அவளுக்காகத் தாங்களே சொல்லிச் சிரித்தார்கள். பானை உடைந்த மூன்று வீடுகளிலும் அவள் சொன்னாள், காரியம் முடிந்து விதைக்கவும் கிளம்பிவிட்டார்கள், இனி அங்கே சொல்லலாம். வயலுக்குக் கிளம்பிய ஊர் மண்வெட்டிகளோடு அவள் பின்னாலேயே நகர்ந்து வந்தது. கடைசி வீடு அயின்போக்காவின் வீடு.

அயின்போக்கா பானையை முதுகில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். முடிந்தவரை நிமிர்ந்து நின்றிருந்தாள், கால்கள் மட்டும் நடுங்கின. அவளுக்குப் பின்னால் லாமிசி விதைக்கம்பு நிறைந்த சுரைக்குடுவையைக் கையில் பிடித்திருந்தாள், அதை இறக்கி வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. அவள் மகள், அப்பாவின் முகம் தெரியாத பிள்ளை, பாட்டியின் துணி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கிளம்பிட்டியா?" என்றாள் அயின்போக்கா.

மங்கை தலையாட்டினாள். அயின்போக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை, ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, ஆட்டுக்குட்டிக்கும் சூளைக்கும் சொன்ன வார்த்தை, சொல்லிவிட்டால் அந்த வீட்டில் யாரும் சாகவில்லை, சொல்லிவிட்டால் அயின்போக்கா நாளைக்கும் கல் பொறுக்கலாம், நாளை மறுநாளும் பொறுக்கலாம், முதுகெலும்பு முறிகிற நாள்வரை பொறுக்கலாம். அயின்போக்கா அவள் வாயையே பார்த்தாள். சொல் என்று கெஞ்சும் பார்வை அது, மங்கைக்கு அதில் சந்தேகமே இல்லை, பிறகு வாழ்நாள் முழுக்க நினைத்துப் பார்த்தபோதும் சந்தேகம் வரவில்லை. ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றினாள். பிடித்திருந்த கைகளை மெதுவாக விட்டாள், திரும்பினாள், நடந்தாள்.

ஊர் பேச்சை நிறுத்தியது. புளியமரத்தடிக்கு நூறு அடி இருக்கும். பாதி தூரம் போகும்வரை பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பிறகு துணி முடிச்சை அவிழ்க்கும் முனகல் கேட்டது, பானை உடைந்தது, கற்கள் ஈர மண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன, கடைசிக் கல் கொஞ்ச தூரம் உருண்டு போய் நின்றது. அதற்கப்புறம்தான் லாமிசியின் குரல் எழுந்தது, அவளைத் தொடர்ந்து மற்றப் பெண்களின் குரல்கள் எழுந்தன. அயின்போக்காவின் குரல் அதில் இல்லை.

மங்கை வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். எபனேசர் கண்ணாடி வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு அங்கே?" என்று கேட்டார்.

"பார்க்காதீங்க சார்" என்றாள். "வண்டியை எடுங்க."